மருத்துவச்சி எட்னா

பிரசவத்தின்போது உயிர் நீக்கும் பெண் ஷஹீதுடைய தகுதியை அடைகிறாள் என்னும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அத்தகைய மரணம் நிகழ்ந்த வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்லி ஆறுதல் கூறுகிறோம். அது உண்மையான ஆறுதல். மனைவியை இழந்தவனுக்கும் மகளைப் பறிகொடுத்த தாய்க்கும் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஆயினும், அந்தச் சொல்லோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டதாக நாம் எழுந்து வந்துவிடுகிறோம். ரத்தப்போக்கு எப்போது தொடங்கியது, மருத்துவமனைக்குப் புறப்பட எத்தனை நாழிகை ஆயிற்று, யாருடைய அனுமதிக்காகக் காத்திருந்தார்கள், ரத்தம் கிடைத்ததா என்னும் கேள்விகளை மையித்து வீட்டில் எவரும் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம் என்றே கருதப்படுகிறது. அவ்விடத்தில் கேட்கக் கூடாதுதான். ஆனால் வேறெங்கும் நாம் கேட்பதில்லை என்பதே குறை.

இந்தக் கேள்விகளைத் தம் வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முஸ்லிம் பெண்மணியின் வரலாற்றை இக்கட்டுரையில் பார்க்கிறோம். அவர் பெயர் எட்னா ஆதான் இஸ்மாயில். ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியிலுள்ள சோமாலிலாந்தைச் சேர்ந்தவர். ('ஆதான்' என்பது ஆதம் என்னும் பெயரின் சோமாலிய வடிவம். அவர்கள் வழக்கில் தந்தையின் பெயரும் பாட்டனாரின் பெயரும் ஒருவரது பெயரின் பின்னே வரும்.) முதல் பெண்மணியாகவும் அமைச்சராகவும் உலக சுகாதார நிறுவனத்தின் உயர் அதிகாரியாகவும் இருந்தவர் அவர். ஆனால் தம்மை அவர் அறிமுகப்படுத்திக்கொள்வது மருத்துவச்சி என்றுதான்.

மருத்துவச்சி என்னும் சொல்லை நம் வீடுகளில் சற்றே தாழ்வாகப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. நம் முன்னோர் அப்படிக் கருதவில்லை. அபூராஃபிஉ (ரலி) அவர்களின் மனைவியான சல்மா (ரலி), ஃபாத்திமா (ரலி) அவர்களின் பிரசவங்களிலும், நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பிறந்தபோதும் மருத்துவச்சியாக இருந்தார் என்று நபித்தோழியர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் மருத்துவச்சித் தொழிலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அரபியில் மருத்துவச்சிக்குக் 'காபிலா' என்று பெயர். ஏற்றுக்கொள்பவள் என்பது பொருள். தாய் கொடுக்கிறாள், இவள் ஏற்றுக்கொள்கிறாள் என்று அவர் அதற்கு விளக்கம் தருகிறார். பால்குடி மறக்கும் வரையில் குழந்தைக்கு வரும் நோய்களைத் தேர்ந்த மருத்துவனைவிட மருத்துவச்சியே நன்கறிவாள் என்றும் எழுதுகிறார். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலத்துக்கு முன்னர், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்தினார். ஊரில் ஒருவராவது அதைக் கற்றிராவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லாரும் சட்ட விவாதக் கல்வியை நோக்கியே முண்டியடிக்கிறார்களே என்று அவர் வருந்தியதும் அதே நூலில்தான் இருக்கிறது.

எட்னா 1937இல் ஹர்கெய்சா நகரில் பிறந்தார். அன்று அது பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் ஒரு நகரம். தந்தை ஆதான் இஸ்மாயில் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் மருத்துவப் பணியில் இருந்தார். பள்ளி விடுமுறை நாள்களில் தந்தையின் மருத்துவமனைக்குச் சென்று கட்டுத்துணி வெட்டுவதும் கருவிகளைக் கழுவுவதும் சிறுமி எட்னாவின் வேலை. கையில் போதிய மருந்தோ கருவியோ இல்லாமல் தந்தை படும் பாட்டை அவர் அங்கே கண்டார். தந்தை மனம் நிறைந்து பணியாற்றக்கூடிய ஒரு மருத்துவமனையைக் கட்டவேண்டும் என்னும் ஆசை அப்போதே விழுந்தது என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைய ஹர்கெய்சாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. ஆகவே தந்தை அவரை அண்டை நாடான ஜிபூட்டிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்.

எட்டு வயதளவில் அவருக்கு நேர்ந்ததை அவர் மறைத்ததில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. தந்தை ஊரில் இல்லாத ஒரு நாளில், வீட்டுப் பெண்கள் அவருக்குப் பெண் விருத்தசேதனம் செய்வித்தனர். அந்த நாட்டில் வழங்கிய முறை, உறுப்புகளை அறுத்தபின் இரு பக்கங்களையும் சேர்த்துத் தைத்து மூடிவிடுவது. சிறுநீர் கழிக்க மட்டும் சிறு துளை விடப்படும். பெண்கள் அதைக் கேடாக நினைத்துச் செய்யவில்லை. மகளின் மானத்தைக் காப்பதாகவே நினைத்தார்கள். ஊர் திரும்பிய தந்தை செய்தியறிந்து கடுங்கோபம் கொண்டார், கலங்கினார். தனக்கு நடந்தது சரியானதன்று என்பதைத் தந்தையின் முகத்தில்தான் முதன்முதலாக அறிந்துகொண்டதாக எட்னா சொல்கிறார். ஒரு தகப்பனின் கோபம் இத்தனை தூரம் பயன் தருமென்று அந்தத் தகப்பனே எண்ணியிருக்க மாட்டார்.

1954இல் உதவித்தொகை பெற்று அவர் லண்டன் சென்றார். பிரிட்டனில் படிக்க உதவித்தொகை பெற்ற முதல் சோமாலியப் பெண் அவரே. ஏழாண்டுகள் செவிலியர் பயிற்சியும் பேறுகாலப் பயிற்சியும் முடித்து 1961இல் தாயகம் திரும்பினார். அதற்குள் நாட்டின் நிலையே மாறியிருந்தது. 1960 ஜூன் 26இல் விடுதலை பெற்ற சோமாலிலாந்து, ஜூலை 1இல் இத்தாலியர் வசமிருந்த தெற்குப் பகுதியுடன் இணைந்து சோமாலியா ஆகியிருந்தது. முறையாகப் பயின்ற முதல் சோமாலிய மருத்துவச்சி இவர்தாம். நாடு இவரை வரவேற்றதா? வேலை கொடுத்தது; சம்பளம் கொடுக்கவில்லை. பெண்ணொருத்தியை அரசுப் பணியில் அத்தகைய பொறுப்பில் அமர்த்த விதிகளில் இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஊதியமின்றிப் பிரசவம் பார்த்தார். பிரசவ வலியில் துடிப்பவள் அரசாணை வரும்வரை காத்திருக்க மாட்டாள் அல்லவா?

அவர் மணந்துகொண்ட முஹம்மத் ஹாஜி இப்ராஹீம் ஈகால் 1967இல் சோமாலியாவின் பிரதமரானார். அதனால் எட்னா வெள்ளை மாளிகை விருந்துகளுக்கும் சென்றார். 1969 அக்டோபரில் ராணுவத் தளபதி சியாத் பர்ரே ஆட்சியைக் கைப்பற்றினார். ஈகால் சிறை புகுந்தார், எட்னா வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அந்த ஆண்டுகளின் அரசியலை இங்கே விரிக்கத் தேவையில்லை. பின்னர் சுகாதார அமைச்சகத்தில் இயக்குநர் பதவி பெற்ற முதல் பெண்ணானார் என்பதும், அந்தப் பதவியில் இருக்கையில் 1976இல் பெண் விருத்தசேதனம் பற்றிப் பொது அவையில் வாய்திறந்தார் என்பதுமே நமக்கு முக்கியம்.

சோமாலியாவில் அதற்குமுன் பொதுமேடையில் எவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் பெண்ணுரிமை முழக்கத்தோடு தொடங்கவில்லை. பிரசவ அறையில் தாம் கண்டதைச் சொன்னார். தைத்து மூடப்பட்ட தழும்பு விரிந்து கொடுக்காது. குழந்தையின் தலை வாயிலில் வந்து நிற்கும், வெளியே வர வழியிராது. வெட்டித் திறக்கவேண்டும், வெட்டத் தெரியாத கை வெட்டினால் ரத்தம் பெருகும். காலதாமதமானால் குழந்தை மூச்சுத் திணறி இறக்கும், தாய்க்குச் சிறுநீர்ப்பையில் துளை விழுந்து வாழ்நாள் முழுதும் நீர் கசியும். இது ஒரு மருத்துவச்சியின் தனிப்பட்ட அனுபவம் மட்டுமன்று என்பதை முப்பது ஆண்டுகள் கழித்து 2006இல் உலக சுகாதார நிறுவனம் மெய்ப்பித்தது. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை ஆராய்ந்து, இச்செயலுக்கு உள்ளான தாய்மாருக்கு அறுவைச் சிகிச்சையும் பேறுகால ரத்தப்போக்கும், அவர்களின் சிசுக்களுக்கு மரணமும் கூடுதலாக நேர்கின்றன என்று அது அறிவித்தது.

இங்கே நம்மில் சிலருக்கு ஒரு சங்கடம் எழும். சோமாலியர்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் உள்ள நம் மக்களில் பெரும்பாலோரும் அவ்வாறே. ஷாஃபிஈ சட்ட நூல்களில் பெண் கத்னா பற்றிய பேச்சு உண்டு. இலங்கையில் 'ஒஸ்தா மாமி' என்று அழைக்கப்படும் மூதாட்டிகள் பெண்குழந்தைகளுக்கு அச்சடங்கைச் செய்யும் வழக்கமும் உண்டு. அதை வெளியே பேசாத வழக்கமும் உண்டு. சோமாலியாவில் நடப்பதும் இதுவும் அளவால் ஒன்றல்ல. தைத்து மூடும் அந்த முறையை எந்த மத்ஹபின் எந்த இமாமும் அனுமதித்ததில்லை. அதற்கு மக்கள் வழக்கில் உள்ள பெயரே 'ஃபிர்அவ்னிய' விருத்தசேதனம் என்பதாகும். ஃபிர்அவ்னின் பெயரைத் தாங்கிய ஒன்றை மார்க்கத்தின் பெயரால் காத்துவந்தார்கள் என்பதை என்னென்பது! எனினும், சிறிதளவானதையும் மீளாய்வு செய்யவேண்டும் என்னும் குரல் மார்க்க அறிஞர்களிடமிருந்தே எழுந்தது. 2006 நவம்பரில் எகிப்தின் முஃப்தி அலீ ஜும்ஆ கெய்ரோவில் கூட்டிய அறிஞர் மாநாடு இவ்வழக்கம் மார்க்கக் கடமையன்று, தீங்கானது, நிறுத்தப்பட வேண்டியது என்று முடிவு செய்தது. 2007இல் அவரே இதை ஹராம் என்று அறிவித்தார். தீங்கிழைத்தல் ஆகாது என்னும் ஃபிக்ஹு விதியே அடிப்படை. அந்தத் தீங்கு என்னவென்று அறிஞர்களுக்கு எடுத்துக்காட்டியவர்கள் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் ஆவர். ஃபத்வா எழுதும் கைக்குப் பிரசவ அறையின் சாட்சியம் தேவைப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

1980களில் எட்னா மொகதிஷுவில் தம் சொந்த முயற்சியால் ஒரு மருத்துவமனையைக் கட்டத் தொடங்கினார். போர் வந்து அதை விழுங்கியது. 1988இல் சியாத் பர்ரேயின் விமானங்கள் ஹர்கெய்சாவின் விமான நிலையத்திலிருந்தே எழுந்து ஹர்கெய்சாவின் மீதே குண்டு பொழிந்தன. நகரம் தரைமட்டமாயிற்று. லட்சக்கணக்கானோர் எத்தியோப்பிய எல்லைக்கு நடந்தே ஓடினர். மருத்துவம் அறிந்தவர்களில் சிலர் இறந்தனர், எஞ்சியோர் நாடு கடந்தனர். 1991 மே மாதம் சோமாலிலாந்து தனியாட்சி அறிவித்தபோது அங்கே அரசு என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. நெடுங்காலம் உலகின் அங்கீகாரமும் கிட்டவில்லை. அங்கீகாரம் இல்லாத நாட்டுக்குக் கடனும் இல்லை, அரசுகளின் நேரடி உதவியும் அரிது. அந்த ஆண்டுகளில் எட்னா உலக சுகாதார நிறுவனத்தின் அதிகாரியாக இருந்தார். 1991 முதல் 1997 வரை ஜிபூட்டியில் அதன் பிரதிநிதி.

அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றார். ஐரோப்பாவில் ஒரு வீடு வாங்கி அமைதியாக வாழ்ந்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ காரையும் நகைகளையும் விற்று, ஓய்வூதியப் பணத்தையும் திரட்டிக்கொண்டு ஹர்கெய்சா திரும்பினார். அரசு கொடுத்த நிலம், குப்பை மேடாகக் கிடந்த பழைய ராணுவத் திடல். நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதிக்கு அருகே இருந்ததால் அதையே அவர் விரும்பினார். கட்டுமானம் தொடங்கியபின் பணம் தீர்ந்தது. கூரையின்றி நின்ற கட்டடத்துக்கு வெளிநாடுகளில் வாழ்ந்த சோமாலியர்களும், பத்திரிகையில் செய்தி படித்த அமெரிக்கர்களும், உள்ளூர் வணிகர்களும் உதவினர். கொடுத்தவர்களில் முஸ்லிமல்லாதோர் பலர். அதற்கு நாம் நன்றி பாராட்டும் அதே வேளையில், செல்வம் கொழிக்கும் முஸ்லிம் நாடுகளைப் பற்றி ஒரு கேள்வியும் மனத்தில் எழாமலில்லை.

கட்டடம் முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்தது. கதவு ஜன்னல் இல்லாத நிலையிலேயே 2000இல் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியரைச் சேர்த்துச் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். கட்டடத்தைப் பணம் இருந்தால் ஓராண்டில் எழுப்பலாம். மருத்துவச்சியை அப்படி எழுப்ப முடியாது. நாம் மஹல்லாக்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்: முதலில் திறப்பு விழாக் கல்வெட்டு, பிறகுதான் ஆள் தேடல். எட்னா ஆதான் மருத்துவமனை 2002 மார்ச் 9இல் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பகுதியில் தம் இருப்பிடத்தையும் அமைத்துக்கொண்டார். நள்ளிரவில் சிக்கலான பிரசவம் வந்தால் அவரை எழுப்பலாம். இடையே குடும்ப நலத்துறை அமைச்சராகவும், 2003 முதல் 2006 வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். அமைச்சராயிருந்த காலத்திலும் அவர் குடியிருப்பு மாறவில்லை.

ஆனால் ஒரு நகரில் ஒரு மருத்துவமனை இருந்தால் போதுமா? சோமாலிலாந்தின் மக்களில் கணிசமானோர் ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரியும் இடையர்கள். ஹர்கெய்சாவிலிருந்து கிழக்கே எரிகாவோ செல்வது பாலைவழியில் நெடும்பயணம். பேறுகால ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண்ணின் உயிரைக் குடித்துவிடும். 1994இல் தாடியஸ், மேய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் தாய்மார் மரணத்துக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகக் காட்டினர். சிகிச்சைக்குச் செல்வதென முடிவெடுப்பதில் தாமதம், சென்றடைவதில் தாமதம், சென்றடைந்த இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மருத்துவமனை கட்டுவது மூன்றாவது தாமதத்தை மட்டுமே தீர்க்கும். முதல் இரண்டும் வீட்டிலும் வழியிலும் நிகழ்பவை.

அங்கே முதல் தாமதம் எவ்வாறு நேர்கிறது என்று கேட்டால் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சோமாலியக் குடும்பங்களில், வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கவேண்டுமானால் கணவனோ தந்தையோ குடும்பத்து ஆண்மக்களில் ஒருவரோ ஒப்புதல் தரவேண்டும் என்பது வழக்கம். அந்த ஆண் ஒட்டகத்தோடு தொலைவில் இருக்கலாம். அறுவை செய்தால் அடுத்த குழந்தை பிறக்காது என்ற அச்சத்தில் மாமியார் மறுக்கலாம். சாகும் நிலையில் இருப்பவளின் உயிரைக் காக்க எவருடைய கையொப்பத்துக்கும் ஷரீஅத் காத்திருக்கச் சொல்லவில்லை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்று மத்ரஸா மாணவனும் அறிவான். ஆனால் ஃபிக்ஹு அறிந்தவர் அந்த இரவில் அந்தக் கூடாரத்தில் இருப்பதில்லை. அங்கே இருக்கக்கூடியவள் ஒருத்திதான்: ஊரார் நம்பும், ஊர்மொழி பேசும், அதே குலத்தில் பிறந்த மருத்துவச்சி.

ஆகவே எட்னா அத்தகையவர்களை உருவாக்கலானார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளம்பெண்களை வரவழைத்து, சமுதாய மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்து, அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பும் திட்டம் அது. ஆயிரம் மருத்துவச்சிகள் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட இலக்கு. இப்பெண்கள் கையில் எடுத்துச் செல்பவை எளியவை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. பிரசவம் ஆனவுடன் கருப்பையைச் சுருங்கச் செய்து ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி. பேறுகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். மூச்சு விடாத சிசுவுக்குக் காற்றூட்டும் பையும் முகமூடியும். இவற்றினும் முக்கியமாக, எது தம் கைக்கு மீறியது என்பதை முன்கூட்டியே அறிந்து, புறப்படுங்கள் என்று ஆண்களிடம் உறுதியாகச் சொல்லும் துணிவு. கிராமத்துப் பெண்ணொருத்தியின் சொல்லுக்கு ஆண்கள் செவிசாய்க்க வேண்டுமானால் அவளுக்குப் பட்டமும் சீருடையும் வேண்டும் என்பதை எட்னா அறிந்திருந்தார். மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி வளர்ந்து இன்று அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமாக நிற்கிறது.

அவரைப் புகழ்ந்து முடித்துவிடுவது எளிது. 2023இல் டெம்பிள்டன் பரிசு கிடைத்தபோது உலகமே புகழ்ந்தது. அவரது இறைநம்பிக்கையே அவரது பணியின் ஊற்று என்று தேர்வுக்குழுவினரும் எடுத்துரைத்தனர். ஆனால் எண்கள் புகழுக்கு மயங்குவதில்லை. 2020ஆம் ஆண்டின் நலக் கணக்கெடுப்பின்படி, சோமாலிலாந்தில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 396 தாய்மார்கள் இறக்கின்றனர். உலகளவில் 2023இல் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஒரு பெண்மணியின் ஓய்வூதியத்தால் ஒரு நாட்டின் சாலைகளையும் ரத்த வங்கிகளையும் உண்டாக்கிவிட முடியாது. ஃபர்ளு கிஃபாயாவை ஒருவர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும் என்பது உண்மை. ஆனால் தேவை நிறைவேறும் அளவுக்குச் செய்யப்பட்டால்தான் நீங்கும் என்பதும் அதே சட்டத்தின் பகுதியே.

பெண் விருத்தசேதனம் பற்றிய அவரது போராட்டமும் இவ்வாறே பாதிவழியில் நிற்கிறது. மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளிடம் அவரது குழுவினர் பல்லாண்டுகளாக எடுத்த கணக்கில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அதற்கு உள்ளானவர்களாக இருந்தனர். 2018 பிப்ரவரியில் சோமாலிலாந்தின் மார்க்க விவகார அமைச்சகம் ஒரு ஃபத்வா வெளியிட்டது. மிகக் கொடிய இரு வகைகளை அது தடைசெய்தது. தைத்து மூடுவோரைத் தண்டிக்கவும் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்கவும் கூறியது. எஞ்சிய வகையைப் பற்றிய விவாதம் அங்கே இன்னும் தீரவில்லை. 1976இல் தொடங்கிய பேச்சுக்கு 42 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பாதி விடை அது. எட்னாவுக்கு அப்போது எண்பது வயது. பயிற்சி முடித்த பெண்கள் தங்கள் பைகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அணிக்கு அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.